காக்காய்க்குக் கட்டின சிடி

இல்ல தாயி, பை மடியிலயே இருக்கட்டும். மேல வைக்கச் சொல்லாத. மேல வச்ச பை எறங்குறப்ப வச்ச மாதிரி இருக்கறதில்ல. போன தடவ இதே திண்டுக்கல் வண்டியில ஒருத்தி இப்படித்தான், “குடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்”னு வாங்கி வச்சா. வீட்டுல போயிப் பாத்தா பையில இருந்த கொய்யாப்பழத்துல பாதியக் காணோம். அவதான் எடுத்தான்னு நான் சொல்லல. ஆனா அவ பக்கத்துல உக்காந்திருந்தப்ப கொய்யா வாசம் அடிச்சுச்சு.

நீ எங்க எறங்கற? பழனியா? நான் ஒட்டஞ்சத்திரம், உனக்கு முன்னாடியே எறங்கிருவேன். என் பேரா? பேரெல்லாம் எதுக்கு தாயி உனக்கு? ஒட்டஞ்சத்திரத்தம்மான்னு வச்சுக்கயேன்.

அது என்ன, லேப்டாப்பா? கம்ப்யூட்டர் படிச்ச புள்ளையா நீ? அப்ப ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லணும். ஒரு கடைக்காரன்கிட்ட கல்யாண சிடி ஒண்ணக் குடுத்து, இதுல இந்த எடத்த மட்டும் வெட்டி எடுத்துருப்பான்னு சொல்றோம். அவனும் வெட்டிட்டேங்கறான். வெட்டுனத அவன் பொட்டியிலயே ஒண்ணு வச்சுக்கிட்டான்னா நமக்குத் தெரியுமா? தெரியாதா? பாத்தியா. அவன் மூஞ்சியப் பாத்தப்பவே எனக்குத் தோணுச்சு. வேலை நடக்கறப்ப பஜ்ஜி தின்னுக்கிட்டு இருந்தான்.

எம்மவன் கல்யாணந்தான். மனோகரன்னு பேரு, நூல் மில்லுல மெசினு ரிப்பேர் பாக்கறான். கல்யாணமாகிப் பதினெட்டு வருசமாச்சு. அவன் மக கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குது. எங்க வீட்டுக்காரரு போய்ச் சேந்து நாளாச்சு. மருமக வீட்டுலயே இருந்து ஜாக்கெட் தைக்கிறா. அதனால பகல் பூரா வீட்டுல நானும் அவளுந்தான். எதுத்துப் பேசறவள நம்பிரலாம் தாயி. அவ மனசுல இருக்கறது வாயில வந்துரும். எது சொன்னாலும் “சரிங்க அத்தை”ன்னுட்டுப் போறா பாரு, அவள மட்டும் நம்பக் கூடாது. உள்ள என்ன ஓடுதுன்னு யாரு கண்டா? எங்க வீட்டு மகாராணி அந்த ரகம்.

தை மாசம் அவங்க அப்பா தவறிட்டாரு. காரியமெல்லாம் முடிச்சுட்டு வந்த மறுநாளே பீரோவத் தொறந்து கல்யாண சிடியத் தேடுறா. அப்பனப் பறிகொடுத்தவ என்ன பண்ணணும்? ஒரு மூலையில உக்காந்து அழணும். துக்கம் கேக்க நாலு பேரு வருவாங்க, அவங்க கையப் புடிச்சுக்கிட்டு அழணும். இவ அழவே இல்ல. சாவு வீட்டுலயும் அழல, நானே கவனிச்சேன். வந்தவங்களுக்கு காபி போட்டுக் குடுத்தா, அவங்க போனதும் திரும்ப லேப்டாப்புக்கு முன்னால போயி உக்காந்துக்கிட்டா.

பேத்தி விட்டுட்டுப் போன பழைய லேப்டாப்பு அது. பக்கவாட்டுல சிடி போடறதுக்கு வாய் தொறக்கும். அதுல போட்டு உள்ள ஏத்தறாளாம். எதுக்குன்னு கேட்டேன். “சிடியெல்லாம் கெட்டுப் போகுதுங்க அத்தை, கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சா பத்திரமா இருக்கும்”ங்கறா. பதினெட்டு வருசமாக் கெடாதது அப்பன் செத்த மாசத்துல கெட்டுப் போகுதாம். நீ படிச்ச புள்ள, நீ நம்புவியா?

நான் நம்பல. அவளுக்கு ஒரு தம்பி இருக்கான், அவங்கப்பாவோட எளைய தாரத்துப் புள்ள. பெரியவரு போயாச்சு, அடுத்து சொத்தப் பிரிப்பாங்க. “உனக்குத்தான் கல்யாணத்துல அம்புட்டு நகை போட்டாரே”ன்னு தம்பி பொண்டாட்டி ஆரம்பிச்சிருப்பா. இவ, என்ன போட்டாருன்னு வீடியோவப் போட்டு ஒண்ணு ஒண்ணாப் பாப்பா. பாத்தா என்ன தெரியும்? காசுமாலை தெரியும். அந்தக் காசுமாலை இப்ப அவகிட்ட இல்ல. எம்மக தேன்மொழி கழுத்துல இருக்கு, கரூர்ல.

ஏன் அப்படிப் பாக்கற? நான் என்ன திருடிக்கிட்டா போனேன்? தேன்மொழி கல்யாணத்துல மாப்பிள்ள வீட்டு ஆளுக கழுத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க. ஒரு நாளைக்குப் போட்டுக்கட்டுமேன்னு இவகிட்டக் கேட்டேன். அவளே பீரோவுலேருந்து எடுத்து, ரோஸ் பேப்பர் சுத்தி, டப்பாவோட குடுத்தா. கல்யாணம் முடிஞ்சதும் கழட்டித் தாடின்னு புதுப்பொண்ணுகிட்ட எப்படிக் கேக்கறது? அந்த வீட்டுல என்ன நெனப்பாங்க? அப்படியே இருந்துருச்சு. நம்ம வீட்டு நகை நம்ம வீட்டுப் பொண்ணு கழுத்துலதான இருக்கு. இவளும் கேக்கல. இன்னைய வரைக்கும் ஒரு தடவ கூடக் கேக்கல. பயமே அதுதான் தாயி. கேட்டிருந்தா அன்னைக்கே ஒரு சண்டையப் போட்டு முடிச்சிருப்பேன்.

சிடி மொத்தம் மூணு. மொத நா சடங்கெல்லாம் ஒண்ணு, முகூர்த்தம் ஒண்ணு, சாப்பாடு பந்தியிலேருந்து பொண்ண எங்க வீட்டுக்குக் கூட்டி வர்ற வரைக்கும் ஒண்ணு. அவ தையல் மெசினத் தள்ளி வச்சுட்டு லேப்டாப்பத் தொறந்தான்னா நான் மொச்சைய எடுத்துக்கிட்டு எதுக்க உக்காந்துருவேன். மொச்சை உரிக்கிற மாதிரி உரிச்சுக்கிட்டே ஒரு கண்ணு அங்க. ஒரு கோடு மெதுவா நகரும். நகராம நின்னுரும். அவ சிடிய வெளிய எடுத்து முந்தானையில தொடைப்பா, மறுபடி உள்ள தள்ளுவா. ஒரு நா பல்லு வெளக்குற பேஸ்டத் தடவித் தேச்சா. அவங்க தம்பி போன்ல சொல்லிக் குடுத்தானாம், கீறல் போகும்னு. எம்புட்டு அக்கறை பாரு, தம்பிக்கு!

ஏத்தி முடிச்சதும் காதுல ஒயர மாட்டிக்கிட்டுப் போட்டுப் பாப்பா. பாப்பாங்கறேன், பாத்தாத்தான? கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கா! படம் பாட்டுக்கு ஓடுது, இவ கண்ண மூடி, தலையக் குனிஞ்சு, காதுல ரெண்டு கையையும் அமுக்கிக்கிட்டு இருக்கா. கல்யாண வீடியோவக் கண்ண மூடிக்கிட்டுப் பாக்குற ஆள எங்கயாச்சும் கண்டிருக்கியா? மனசுக்குள்ள நகைய எண்ணிக்கிட்டு இருக்கான்னு எனக்குப் புரிஞ்சு போச்சு.

சத்தமா? அதுல என்ன சத்தம் இருக்கு கேக்கறதுக்கு? நீ சின்னப் புள்ள, உனக்குத் தெரியாது. அப்பயெல்லாம் கல்யாண வீடியோன்னா மொதல்லேருந்து கடைசி வரைக்கும் சினிமாப் பாட்டுத்தான். யாரு பேசறதும் கேக்காது. அய்யரு வாயி மட்டும் அசையும், டூயட்டு ஓடும். எங்க நாத்தனா மாப்பிள்ளைய என்னமோ கிண்டல் பண்றா, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, என்ன சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, அங்க ஒரு குத்துப் பாட்டு. அதுதான் அன்னைக்கு ஸ்டைலு. நான்தான் வீடியோக்காரன்கிட்டச் சொன்னேன், பொண்ணு வீட்டு ஆளுக மூக்கச் சிந்துற எடமெல்லாம் நல்ல பாட்டாப் போட்டு மூடிருப்பான்னு. நம்ம வீட்டு வீடியோவுல எதுக்கு ஒப்பாரி? பேசறது கேக்கற மாதிரி இருக்கட்டுமேன்னு சம்மந்தி கேட்டாராம். அதெல்லாம் பழைய பாணின்னு சொல்லிட்டேன்.

இந்தாப்பா, டிக்கெட் எடுத்தாச்சு! இந்தா, பாத்துக்க. ரெண்டாந் தடவ கேக்கறான் பாத்தியா தாயி? என்னையப் பாத்தா டிக்கெட் எடுக்காம வர்ற மாதிரியா இருக்கு?

எங்க விட்டேன்? ஆங். மொத சிடியும் ஏறிருச்சு, ரெண்டாவதும் ஏறிருச்சு. அவ மூஞ்சியில ஒரு தெளிச்சி இல்ல. சாயங்காலம் அவ தம்பிகிட்டப் போன் பேசறா. நான் கதவுக்கு இந்தப் பக்கம் வௌக்குக்கு எண்ணெய் ஊத்திக்கிட்டு இருக்கேன். “ரெண்டுலயும் இல்லடா. மூணாவதுலதான் இருக்கணும். என்னைய ஒப்படைக்கிறப்ப, ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டு வர்றதுக்குள்ள கொஞ்சம் எடம் இருக்கு. அப்பா பேசறது அதுல மட்டுந்தான்டா கேக்கும்”ங்கறா.

எனக்கு எண்ணெய் கையில ஊத்திருச்சு. அப்பா பேசறதாம்! பொண்ண ஒப்படைக்கிறப்ப அந்த மனுசன் நாலு பேரு முன்னால என்னத்தப் பேசியிருப்பாரு? இன்ன நகை போட்டிருக்கேன், இன்னது எம்பொண்ணுதுன்னு பேசியிருப்பாரு. அதக் குரலோட எடுத்து வச்சுக்கிட்டா? படம் ஒரு சாட்சி, குரல் ஒரு சாட்சி. நாளைக்குக் கரூருக்கே போயி தேன்மொழி வீட்டு வாசல்ல நின்னா?

மறுநா அவ ரேசன் கடைக்குப் போனா. சிடி வச்சிருந்த டப்பாவத் தொறந்து மூணாவது சிடிய எடுத்துட்டேன். எடுத்தாச்சு, எங்க வைக்கிறது? பீரோவத் தேடுவா, பரணத் தேடுவா, என் பெட்டியக் கூடத் தேடுவா, சொல்ல முடியாது. அப்பத்தான் மாடி ஞாபகம் வந்துச்சு. மாடியில சுண்டைக்கா வத்தல் காயப் போட்டிருக்கு. காக்கா வராம இருக்க, பேத்தியோட பழைய சிடியெல்லாம் நூல்ல கோத்துக் கம்பிக் கொடியில தொங்க விட்டிருக்கோம். வெயில்ல பளீர்னு அடிக்கும், காக்கா கிட்ட வராது. அதுக்கு நடுவுல இதையும் ஒரு நூல்ல கோத்து, எழுத்து இருந்த பக்கத்துல கொஞ்சம் அரிசி மாவு அப்பிக் கட்டி விட்டுட்டேன்.

சிரிக்காத. அவ தெனமும் மாடிக்கு வர்றா. அதுக்குக் கீழயே உக்காந்து வத்தலக் கிண்டி விடறா. தலைக்கு மேல சுத்துது, நிமிந்து பாக்கல! எனக்குச் சிரிப்பு தாங்கல. தண்ணித் தொட்டிக்குப் பின்னால போயிச் சிரிச்சுட்டு வந்தேன்.

வீட்டையே பொரட்டிப் போட்டுட்டா தாயி. பாயிக்கு அடியில, சாமி படத்துக்குப் பின்னால, தையல் மெசினு டிராயர்ல. “அத்தை, மூணாவது சிடியப் பாத்தீங்களா?”ன்னா. “எனக்கு எதுக்கு உன் சிடி?”ன்னேன். பொய் இல்ல பாரு, கேள்விதான் கேட்டேன். வீடியோ எடுத்தவன் இப்ப டைல்ஸ் கடை வச்சிருக்கானாம், அவனத் தேடிப் போயிட்டு வந்தா. பழசு ஒண்ணும் இல்லன்னுட்டான். அன்னையிலேருந்து சோத்தப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருந்துட்டு எந்திரிச்சுப் போறா. ஜாக்கெட்டுக்குக் கை மாத்தி வச்சுத் தச்சுப்புட்டா, வாங்க வந்தவ கத்திட்டுப் போறா. எனக்கு என்னமோ எல்லாம் நடிப்பாத்தான் தெரிஞ்சுச்சு. நான் பாக்கறப்ப மட்டும் அப்படி இருக்காளோன்னு, பாக்காத மாதிரி ஜன்னல் வழியாப் பாத்தேன். அப்பவும் அப்படித்தான் இருந்தா. நான் ஜன்னல்ல நிக்கறது தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் எம்மவன் வந்து நின்னான். “எங்கயாச்சும் கண்ணுல பட்டாக் குடும்மா. அவ ஒரு மாதிரி இருக்கா”ன்னான். அவன் பொண்டாட்டிக்காக எங்கிட்ட வந்து நிக்கறது அதான் மொதத் தடவ. என்னைய நேராப் பாக்காமச் சொன்னான். அது என்னத்துக்கு அப்படிச் சொல்றான்? அவனும் என்னைய சந்தேகப்படறானா? பெத்த தாயிய!

சரி, குடுத்துத் தொலைப்போம், ஆனா அந்த எடத்த மட்டும் எடுத்துட்டுக் குடுப்போம்னு முடிவு பண்ணேன். ஒட்டஞ்சத்திரத்துல பண்ணா ஊரே பேசும். கண்ணு காட்டப் போறேன்னு சொல்லிட்டுத் திண்டுக்கல் வந்தேன். அவ டிபன் கட்டிக் குடுத்தா. “தனியாப் போறீங்களே, நானும் வரட்டுமா அத்தை?”ங்கறா. ஏன், நான் எங்க போறேன்னு பாக்கவா? ஒண்ணும் வேணாம்னுட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு கடை. அந்தப் பஜ்ஜிக்காரன் சிடியத் திருப்பித் திருப்பிப் பாத்தான். “என்னம்மா இது, காக்கா எச்சமா?”ங்கறான். காக்காய வெரட்டக் கட்டுனதுல காக்காயே இருந்துட்டுப் போயிருக்கு. ஈரத்துணியில தொடச்சான், அவனும் பேஸ்டத் தேச்சான். கோடு நகருது, நிக்குது. நகருது, நிக்குது. “வெயில்ல காஞ்சிருக்கும்மா, இன்னொரு தடவ இது ஓடாது”ன்னான். நான் சாமியக் கும்பிட்டேன். ஓடக் கூடாதுன்னா, ஓடணும்னான்னு கேக்காத. சும்மா கும்பிட்டேன்.

ஓடுச்சு. சத்தத்த நிப்பாட்டிட்டுப் போடுப்பான்னு சொல்லிட்டேன், கடையில ஆளுக நின்னாங்க. பாத்தா நான் வர்றேன், பச்சைப் பட்டுல. முடியெல்லாம் கருகருன்னு இருக்கு. என் மூஞ்சிய ஒரு ரோசாப்பூவுக்குள்ள வச்சுச் சுத்த விட்டிருக்கான் அந்த வீடியோக்காரன். எங்க வீட்டுக்காரரு மீசைய முறுக்கிக்கிட்டு நிக்கறாரு. அப்புறம் அந்த எடம் வந்துருச்சு. சம்மந்தி அவ கையப் புடிச்சு என் கையில வைக்கிறாரு. அவ கழுத்துல காசுமாலை தகதகங்குது. கேமராக்காரன் அதையே போட்டுப் போட்டுக் காட்டுறான். சம்மந்தி வாய் அசையுது, எங்கிட்டத்தான் பேசறாரு. நான் எங்கயோ பாத்துக்கிட்டுத் தலைய ஆட்டறேன். இந்தா, இங்கேருந்து இதுவரைக்கும் எடுத்துருன்னு சொன்னேன். எடுத்துட்டான். பாக்கியெல்லாம் கறுப்பு பென்டிரைவுல போட்டான்.

நான் பாட்டுக்கு வாங்கிட்டு வந்திருக்கலாம். அந்தப் பய, “வெட்டுனது சரியா வெட்டியிருக்கான்னு பாருங்கம்மா”ன்னுட்டு சத்தத்தத் தொறந்து விட்டுட்டான். ஒரு பாட்டோட வாலு கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணுமில்ல. பாத்திரம் உருள்ற சத்தம், ஏதோ புள்ள அழற சத்தம். அப்புறம் அந்த மனுசன் குரல்.

கொஞ்சம் தண்ணி வச்சிருக்கியா? வேணாம், இரு, எங்கிட்டயே இருக்கு. அவ ஊத்திக் குடுத்தது.

என்ன சொன்னாரா? “சம்மந்தியம்மா, நகை நட்டெல்லாம் உங்க கையில குடுத்தாச்சு. நீங்க போட்டுக்கங்க, உங்க மகளுக்குப் போடுங்க, வித்துக் கூட விடுங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன், எம்புள்ளையும் கேக்காது. ஒண்ணே ஒண்ணுதான். எம்புள்ளைய ஏய், இந்தான்னு கூப்பிட்றாதீங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. அது அவங்கம்மா வச்ச பேரு. வச்சவளுக்குக் கூப்பிடக் குடுத்து வைக்கல.” அதான் சொன்னாரு. அவளப் பெத்ததும் அவங்கம்மா போயிருச்சு, இவருதான் தூக்கி வளத்தாரு, அது எனக்குத் தெரியும். அதுக்கு நான் என்ன சொல்றேன் தெரியுமா? என் குரலே எனக்கு வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. “சரி சரி, ஆகட்டும். பந்திக்கு ஆள் நிக்குது பாருங்க”ங்கறேன். அம்புட்டுத்தான். அடுத்த பாட்டு டம்முன்னு வந்துருச்சு.

எனக்கு அவரு மேலதான் மொதல்ல சந்தேகம் வந்துச்சு. உங்க மகளுக்குப் போடுங்கன்னு அன்னைக்கே எப்படிச் சொன்னாரு? காசுமாலை எங்க போகும்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கே மனுசனுக்கு! என்னைய ஒரு பார்வையில எடை போட்டிருக்காரு பாரு. அப்புறம் இவ. இவளும் பக்கத்துலதான நின்னா, இவ காதுலயும் விழுந்திருக்கும்ல? பதினெட்டு வருசமா மனசுல வச்சுக்கிட்டு, உங்ககிட்ட எங்கப்பா இப்படிக் கேட்டாரே அத்தைன்னு ஒரு நாளாச்சும் எங்கிட்டச் சொன்னாளா? காசுமாலையக் கேட்டதும் எடுத்துக் குடுத்தா. அப்பன் வாக்குல அவ பங்க அவ செஞ்சுட்டா. என் பங்குன்னு ஒண்ணு இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? பந்திக்கு ஆள் நின்னுச்சு தாயி. அவ்வளவு சனம்.

பேரு இருக்கு. ஏன் இல்லாம? நல்ல பேருதான். ஆனா மருமகளப் பேர் சொல்லிக் கூப்பிடுற பழக்கம் எங்க பக்கம் யாருக்கு இருந்துச்சு? என் மாமியா என்னைய வேடசந்தூர்க்காரின்னுதான் கூப்பிட்டா. பொறந்த ஊர் பேரு அது. “ஏ வேடசந்தூர்க்காரி, மாட்டுக்குத் தண்ணி வையி.” அவ கண்ண மூடுற வரைக்கும் அதே. என் பேரு ராஜாமணி. அந்த வீட்டுல ஒரு ஆளு அதச் சொல்லிக் கூப்பிட்டதில்ல, எங்க வீட்டுக்காரரு உட்பட. எனக்கு யாரு வந்து பரிஞ்சு பேசுனா? எங்கப்பனுக்கு அப்படிக் கேக்கணும்னு தோணுச்சா? தோணல. அவரு பந்தியில உக்காந்து நல்லாச் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போனாரு. நெனச்சா இப்பக் கூட வயிறு எரியுது.

“இத அழிச்சிரவாம்மா?”ன்னான் கடைக்காரன். அழிச்சிருன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். “இருடா”ன்னு வந்துருச்சு. தனியா சிவப்பு பென்டிரைவுல போட்டுக் குடுன்னு சொன்னேன். இந்தா, சுருக்குப் பையில இருக்கு. கறுப்பு இந்தப் பையில. கறுப்ப மட்டும் குடுத்தா அவ போட்டுப் பாப்பா. பாட்டு முடியும், கையப் புடிக்கிற எடம் வர்றதுக்குள்ள அடுத்த பாட்டு வந்துரும். கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பா. அதுவும் போச்சுன்னு எந்திரிச்சுப் போயி ஜாக்கெட் தைப்பா. ஒண்ணும் கேக்க மாட்டா. சிவப்பக் குடுத்தா? குடுத்தா நான் கேட்டுட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் வீட்டுக்குள்ள அவள எப்படிக் கூப்பிடறது? ஏய்ன்னு கூப்பிட முடியுமா இனிமே? இந்த வயசுல நான் போயி... அந்த ஆளு செத்தும் என்னைய மாட்டி விட்டுட்டாரு பாரு.

எந்த ஊரு இது? லெக்கையன்கோட்டையா? அப்ப வந்துருச்சு. இரு, போன் அடிக்குது. எங்க இந்தப் பொத்தானு... இதா?

ஆங். நாந்தான். வேற யாரு எடுப்பா? ... பாத்தாச்சு, கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுதாம். ... சாப்பிட்டேன். ... வேணாம், அவன எதுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புற, நானே வந்துருவேன். ... சரி, வை. ... ஏய், இந்தா, வச்சுராத. நீ தேடிக்கிட்டு இருந்தியே ஒண்ணு. அது கெடச்சிருச்சு. ... மூணாவதுதான். ... எங்கயா? மாடியில. காக்காய்க்குக் கட்டி விட்டிருந்துச்சு. ... யாரு கட்டுனான்னு நான் என்னத்தக் கண்டேன்? பேத்தி கட்டியிருக்கும். ... கடையில குடுத்து ஏத்தியாச்சு. உங்கப்பா பேசற எடமும் இருக்கு. நான் கேட்டேன். ... நல்லாக் கேக்குது, சுத்தமாக் கேக்குது. கொண்டாறேன். ... செவ்வந்தி. ... ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டேன், செவ்வந்தின்னு.

தாயி, இதக் கொஞ்சம் பாரு. சத்தத்தையே காணோம். வச்சுட்டாளா? லைன்ல இருக்காளா? அப்ப ஏன் பேச மாட்டேங்குறா? காதுல வச்சுக் கேளு. நல்லாக் கேட்டுச் சொல்லு தாயி, சிரிக்கிறாளா அழறாளா? ... அழறாளா. அப்பன் செத்தப்ப அழாதவ. பேரச் சொன்னதுக்குப் போயி யாராச்சும் இந்த அழுகை அழுவாங்களா? இதுல என்னமோ இருக்கு. வச்சிராத தாயி, இன்னும் அழறாளா பாரு.